வீரியமும் வியாபாரமும்

நமது நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும், ஊரின் பெயரைத் தெரிவிக்கும் பலகை கண்ணிற்படுவதற்கு முன்பே ஒரு விளம்பரம் கண்ணிற்படுகிறது. “ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்” என்பது அதன் வாசகம். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன வைத்தியர் தங்கியிருப்பார் என்றும், ரகசியம் காக்கப்படும் என்றும் அதன் அடியில் கண்டிருக்கும். அந்த வைத்தியர் மறுநாள் வேறு ஊரில் இருப்பார். அவர் கொடுத்த மருந்தால் குணமடையாதவன் அவரை எங்கே சென்று தேடுவான்? தேடினாலும், தன் குறையை நாலு பேர் அறியச் சொல்லிக் கொண்டு நியாயம் கேட்க அவன் நாணுவான். அந்த நாணமே இவ்வியாபாரத்தின் மூலதனம் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

திருவதிகையும் அதன் சுற்றுப்புறமும் இந்த நிலைக்கு விலக்கல்ல. கெடில நதிக்கரையிலுள்ள அப்பழம்பதி பண்ருட்டிப் பட்டணத்தோடு ஏறக்குறைய ஒட்டியே கிடக்கிறது. பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் பூமியைக் கடந்து அப்பால் சென்றால் நெய்வேலி. 1956-ம் வருஷம் ஏற்பட்ட பழுப்பு நிலக்கரிக் கழகத்தின் சுரங்கங்களிலும் மின்சார நிலையங்களிலும் இரவு பகல் என்ற பேதமின்றி ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. கையில் மாதச் சம்பளம், கண்ணில் பாதித் தூக்கம், வீட்டில் கல்யாணப் பேச்சு, ஆகிய இம்மூன்றும் கூடிய வாலிபன் எங்கிருக்கிறானோ அங்கே மேற்படி விளம்பரக்காரர்களும் இருப்பார்கள்.

முன்னெல்லாம் அவர்கள் “தாது நஷ்டம்” என்று பயமுறுத்தினார்கள். இப்பொழுது அந்தப் பழைய பயத்துக்கு ஒரு புதிய பெயர் கிடைத்திருக்கிறது. “உனக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது” என்று கைபேசியின் சிறு திரையிலிருந்து ஒரு குரல் வாலிபனுக்கு உபதேசிக்கிறது. காலையில் சோர்வா? அது குறைவு. மனத்தில் உற்சாகமில்லையா? அதுவும் குறைவு. தேகத்தில் சதை திரளவில்லையா? அதுவும் அதே குறைவு. இத்தனைக்கும் ஓர் ஊசி, அல்லது ஒரு மாத்திரை, அல்லது ஒரு லேகியம் உண்டு என்று முடிகிறது உபதேசம். இதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை நமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதியே இவ்விஷயத்தை இங்கு எடுத்துக்கொண்டோம். மறைத்துப் பேசுவதால் பொய்யே வளர்கிறது.

இந்த வஸ்து யாது?

ஆண்மகனின் விரைகளிலே சுரந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு ஹார்மோனே டெஸ்டோஸ்டிரோன் எனப்படுவது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்ப, விரைகள் அதைச் சுரக்கின்றன. இரத்தத்தில் அது போதிய அளவு ஏறியதும் பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துக் கொள்கிறது. மீசை தாடி அரும்புவதும், குரல் கனப்பதும், எலும்பும் தசையும் உரம் பெறுவதும், விந்தணு உண்டாவதும், இச்சை எழுவதும் இதன் காரியங்கள்.

இதை அறிய மனிதர் பட்ட பாட்டின் கதை ருசிகரமானது. 1849-ல் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மானியர் சேவல் குஞ்சுகளின் விரைகளை நீக்கிப் பார்த்தார். அவை கொண்டையும் கூவலும் இழந்தன. நீக்கிய விரையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்த சேவல்களோ சாதாரணச் சேவல்களாகவே வளர்ந்தன. 1889-ல் பாரிஸில் பிரவுன்-ஸெகார் என்ற கீர்த்தி வாய்ந்த பண்டிதர், தமது 72-வது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். ஐரோப்பாவெங்கும் அந்தச் சாறு விற்பனையாயிற்று. நீரில் பிழிந்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க முடியாதென்றும், பண்டிதர் அனுபவித்தது நம்பிக்கையின் பலனே என்றும் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. மெய்யான வஸ்து 1935-ல்தான் கைக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாமில் லக்கூர் என்பவரின் கோஷ்டியார், சுமார் 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்தார்கள். அதே வருஷம் பூட்டெனான்ட், ருஸிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே ரசாயனச் சாலையில் அதை உண்டாக்கினர்; 1939-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது.

இக்கதையை நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. மெய்யான மருந்து பிறப்பதற்கு 46 வருஷங்களுக்கு முன்பே அதன் பெயரால் போலி வியாபாரம் பிறந்துவிட்டது. பாரிஸ் பண்டிதரையே ஏமாற்றிய நம்பிக்கை, பண்ருட்டி வாலிபனை ஏமாற்றுவதில் வியப்பென்ன?

பழைய பயம்

நம் தேசத்தில் இப்பயத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. இத்தனை துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்து ஆகிறதென்றும், அது வெளிப்பட்டால் ஆயுளே குறையுமென்றும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். உறக்கத்தில் இயல்பாக நிகழும் ஒரு காரியத்தை நோயென்று எண்ணி ஏங்கி, உண்மையிலேயே மெலிந்து போகும் வாலிபர்களை நமது வைத்தியர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். இந்த ஏக்கத்தையே ஒரு மனோவியாதியாக 1960-ல் டாக்டர் என். என். விக் என்பவர் வகுத்து, “தாத்” என்ற நம் நாட்டுச் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டார். இரத்தத் துளிக் கணக்கு முழுப் பொய். விந்து வெளிப்படுவதால் டெஸ்டோஸ்டிரோன் வற்றிப் போவதுமில்லை. இவ்வாலிபர்களுக்கு வேண்டுவது லேகியமன்று. அருகில் அமர்ந்து கால் மணி நேரம் பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு வைத்தியரே.

மெய்யான நோய்

ஆனால் எல்லாமே பொய்ப் பயம் என்று தள்ளிவிடுவதும் பெரும் பிழை. இந்த ஹார்மோன் உண்மையிலேயே குறைந்த வாலிபர்கள் இருக்கிறார்கள். விளம்பரக்காரன் செய்யும் இரண்டாவது தீங்கு இதுதான். நோயற்றவனைப் பயமுறுத்திப் பணம் பறிப்பதோடு நில்லாமல், நோயுள்ளவன் உரிய வைத்தியரிடம் போகவொட்டாமலும் அவன் தடுத்துவிடுகிறான்.

1942-ல் கிளைன்ஃபெல்டர் என்ற அமெரிக்க வைத்தியர் விவரித்த ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஆண்மக்களில் சுமார் 600 அல்லது 700 பேருக்கு ஒருவர் ஓர் உபரி குரோமோசோமுடன் பிறக்கிறார். விரைகள் சிறுத்திருக்கும், மார்பு பருக்கலாம், தாடி அடர்ந்து வளராது, பிள்ளைப்பேறு கடினம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலை இன்னதென்று ஆயுள் முழுவதும் தெரிவதேயில்லை. கல்யாணமாகிக் குழந்தையில்லை என்று பரிசோதிக்கும்போதே சிலருக்குத் தெரிய வருகிறது. 1944-ல் கால்மன் என்பவர் விவரித்தது மற்றொன்று. அந்நோயாளிகளுக்கு மணம் அறியும் சக்தியே இராது; உரிய வயதில் பருவமும் வராது. பதினெட்டு வயதாகியும் குரல் உடையாத பிள்ளையை “நாளானால் சரியாகும்” என்று வீட்டில் வைத்திருப்பது நம் வழக்கம். சிகிச்சை பெற்றால் அப்பிள்ளை பருவம் எய்துவான். பிற்காலத்தில் தகப்பனும் ஆகலாம். வைத்திருந்தால், வருஷங்கள்தான் போகும்.

இவையன்றி, பருவமெய்திய பின் வரும் பொன்னுக்கு வீங்கி சிலருக்கு விரையைத் தாக்குகிறது. பிறவியில் இறங்காத விரை, முறுக்கிக்கொண்ட விரை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவையும் காரணமாகும். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றினாலும் ஹார்மோன் குறையும். தலைவலியும் பார்வை மங்கலும் உள்ளவனுக்கு வீரிய லேகியம் கொடுத்துக் காலம் கடத்தினால், இழப்பது ஆண்மையை மாத்திரமன்று, கண்ணையும் இழக்க நேரும்.

இந்நாளில் வாலிபரிடையே அதிகமாய்க் காணப்படும் காரணமோ வேறு. அது பருத்த வயிறு. உடல் பருத்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாய்க் காண்பது சகஜம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் இத்தேசத்தில் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அபின் வர்க்கத்து வலி மருந்துகளும், மிதமிஞ்சிய குடியும் இந்தச் சுரப்பைக் கெடுப்பவையே.

பரிசோதனையில் மோசம்

நோய் உண்டா இல்லையா என்பதை இரத்தமே சொல்லும். ஆனால் கேட்கிற முறையில் கேட்டால்தான் அது மெய் சொல்லும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருப்பது. ஆகையால் காலையில், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டும். ஒரு முறை குறைவாகத் தெரிந்தால் அது போதாது; வேறொரு நாள் மறுபடியும் எடுத்து உறுதி செய்யவேண்டும். ஜுரமாயிருக்கும்போதும் வேறு கடும் நோயின்போதும் எடுக்கக் கூடாது. பருமனற்ற ஆரோக்கிய வாலிபர்களுக்கு டெசிலிட்டர் ஒன்றுக்கு 264 நானோகிராம் கீழெல்லை என்று ஹார்மோன் நிபுணர்களின் அமெரிக்கச் சங்கத்தின் 2018-ம் வருஷ வழிகாட்டுதல் கொண்டிருக்கிறது. சிறுநீரக நிபுணர்களின் சங்கம் 300 என்று கொள்கிறது. இரண்டு சங்கத்தாரும் எண்ணை மாத்திரம் பார்த்து மருந்து தரக் கூடாதென்பதில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். எண்ணும் குறையவேண்டும், இச்சைக் குறைவு, காலை எழுச்சி அற்றுப்போதல், மயிர் உதிர்தல், விரை சிறுத்தல் முதலிய அறிகுறிகளும் இருக்கவேண்டும். வெறும் சோர்வுக்கு ஆயிரம் காரணம் உண்டு.

நெய்வேலி வாலிபனுக்கு இங்கே ஒன்று விசேஷமாய்ச் சொல்லவேண்டும். அவன் இரவு ஷிப்டு முடிந்து, விடிய விடியக் கண் விழித்த களைப்போடு நேரே பரிசோதனைச் சாலைக்குச் சென்று இரத்தம் கொடுப்பானாகில், எண் தாழ்ந்து தெரிவதில் ஆச்சரியமில்லை. இந்தச் சுரப்பின் உச்சம் கடிகாரத்தை மாத்திரம் பார்ப்பதன்று, உறக்கத்தையும் பார்ப்பது. நன்றாய் உறங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் இரத்தம் எடுக்கவேண்டுமென்பதும், தான் ஷிப்டு வேலைக்காரன் என்பதை வைத்தியரிடம் சொல்லவேண்டுமென்பதும் அவன் நினைவிலிருக்கட்டும். 2011-ல் சிக்காகோவில் ஆரோக்கியமான 10 வாலிபர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரமே உறங்கவிட்டுச் சோதித்தார்கள். பகற்பொழுதில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 100-க்கு 10 முதல் 15 வரை தாழ்ந்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்த மருந்து உறக்கமே!

ஊசியின் மறுபக்கம்

இப்பொழுது இவ்விஷயத்தின் முக்கியப் பகுதிக்கு வருகிறோம். வாலிபன் வீரியத்துக்கென்று போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, அவனுடைய சந்தான சக்தியை அடக்கிவிடும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியிலிருந்து ஹார்மோன் வந்து சேர்ந்ததும், “போதிய அளவு இருக்கிறது” என்று பிட்யூட்டரி எண்ணிக் கட்டளையை நிறுத்திவிடுகிறது. கட்டளையின்றி விரைகள் வேலையை விட்டுச் சுருங்குகின்றன. விந்தணு உற்பத்தி நின்று போகிறது. இது எவ்வளவு நிச்சயமான பலன் என்றால், உலக சுகாதார ஸ்தாபனத்தார் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகப் பல தேசங்களில் சோதித்துப் பார்த்தார்கள். வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்தணு அடியோடு அற்றுப் போயிற்றென்று 1990-ல் அந்தச் சோதனையின் முடிவு வெளியாயிற்று.

கருத்தடை மருந்தாகச் சோதிக்கப்பட்ட அதே வஸ்துவை, கல்யாணத்துக்குத் தயாராகும் வாலிபன் ஆண்மை மருந்தென்று காசு கொடுத்து வாங்குகிறான்! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்புகிறது. ஆனால் அதற்குப் பல மாதங்களாகும், சிலருக்கு இரண்டு வருஷமும் ஆகலாம். அளவுக்கு மீறி நெடுநாள் போட்டுக்கொண்டவர்களின் கதி இன்னும் மோசம். அதற்குள் வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தையில்லை என்ற பழி முதலில் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. அவளைக் கோயில் கோயிலாகவும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அழைத்துச் செல்கிறார்கள். அவள் ஊசி குத்திக்கொள்கிறாள், விரதமிருக்கிறாள், ஊராரின் ஏச்சைக் கேட்கிறாள். காரணமோ அவள் புருஷன் யாருக்கும் சொல்லாமல் போட்டுக்கொண்ட மருந்தில் இருக்கிறது.

தேகப்பயிற்சிச் சாலைகளில், அதாவது ஜிம்களில், சதை திரள்வதற்கென்று கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகளும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவையே. அங்கே அளவும் இல்லை, வைத்தியரும் இல்லை. இரத்தம் தடிப்பதும், இருதயம் கெடுவதும், மாத்திரையாக உட்கொள்பவர்களுக்கு ஈரல் கெடுவதும், நிறுத்தியதும் மனச்சோர்வு பிடித்துக்கொள்வதும் அதன் பலன்கள். தசையைப் பார்த்து மெச்சுகிறவர்கள் இரத்தக் குழாயை யார் பார்த்தார்கள்?

அப்படியானால் மெய்யான நோயாளிக்கு என்ன சிகிச்சை? முதலில் காரணத்தைக் காண்பதே சிகிச்சையின் பாதி. பிட்யூட்டரி கட்டளை அனுப்பியும் விரை சுரக்கவில்லையா, கட்டளையே வரவில்லையா என்பதை வேறு சில இரத்தப் பரிசோதனைகள் காட்டிவிடும். புரோலாக்டின் சுரக்கும் கட்டியாயின் அதைப் பெரும்பாலும் மாத்திரையாலேயே அடக்கிவிடலாம். கட்டளை வராதவனுக்கு, அதே கட்டளையை ஊசி மூலம் அளித்தால் விரை விழித்துக்கொண்டு ஹார்மோனையும் விந்தணுவையும் உண்டாக்கும். பிள்ளைப்பேற்றை விரும்புகிறவனுக்கு ஏற்ற வழி இதுவே. விரையே கெட்டுப்போனவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ, தோலில் தடவும் களிம்போ வேண்டியதுதான். அவனுக்கு அது வரப்பிரசாதம். எலும்பு உரம் பெறும், மனம் தெளியும். அப்பொழுதும் இரத்தம் தடிக்கிறதா என்று காலந்தோறும் பார்த்துவரவேண்டும். பருத்த வயிறால் குறைந்தவனுக்கோ எடை குறையக் குறையச் சுரப்பு தானே ஏறும். நடை, உழைப்பு, அளவான உணவு, உறக்கம் ஆகிய இவற்றை விற்க யாரும் லாட்ஜில் அறை எடுப்பதில்லை, இவற்றில் லாபமில்லை.

இத்தொல்லை நமக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் விளம்பரத்தின் வேகத்தால் இம்மருந்தின் விற்பனை வரம்பு மீறிப் போகவே, நோயினால் குறைவு ஏற்பட்டவர்களுக்கே இது உரியதென்று 2015-ல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்க நேர்ந்தது. 2023-ல் 5,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியொன்று, இதனால் மாரடைப்பு அதிகரிக்கவில்லையென்று ஆறுதல் கூறிற்று. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 45 வயதுக்கு மேற்பட்ட, குறைவு உறுதி செய்யப்பட்ட நோயாளிகள். ஆரோக்கியமான 25 வயது வாலிபனுக்கு அதைச் சாட்சியாகக் காட்டுவது மோசடியேயாகும்.

யார் கடமை?

சட்டம் இல்லாமலில்லை. 1954-ம் வருஷத்து மருந்துகள், மாயச் சிகிச்சைகள் விளம்பரச் சட்டம் இன்பசக்தியை வளர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை வெளிப்படையாகத் தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு. டெஸ்டோஸ்டிரோனும் வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளில் ஒன்று. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது. சுவரொட்டியில் தேதியும் இடமும் தெளிவாய் அச்சிட்டிருக்கையில், அதிகாரிகள் துப்பறிய வேண்டிய சிரமங்கூட இல்லையே!

பத்திரிகைகளும் இப்பழியில் பங்காளிகள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் நேர்மையாகாது. தலையங்கத்தில் தேச உயர்வும், பின்பக்கத்தில் தாது புஷ்டி லேகியமும் வெளியிட்ட காலம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இருந்தது. இன்று அவ்வேலையைத் தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சிகள் செய்கின்றன.

சுரங்கமும் ஆலையும் உள்ள இடங்களில் வேலையாட்களுக்குச் செய்யும் காலாந்தர தேகப் பரிசோதனையின்போது உறக்கம், எடை, மனநிலை ஆகியவற்றையும் விசாரித்தால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஒப்பந்தக் கூலிக்கும் அந்தப் பரிசோதனை கிடைக்கவேண்டும். ஹார்மோன் நோய்களுக்கென்றே தனிப் பகுதி புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர்க் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து ஜிப்மர் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரமே. அதற்கும் முன்னே, அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லுவதற்கு ஒரு வாய்ப்பு வேண்டும்: கும்பலுக்கு நடுவே கூச்சலிட்டுக் கேட்காமல், கதவைச் சாத்திக் கேட்கும் ஒரு வைத்தியர் வேண்டும்.

திருவதிகையின் பழங்கதை நமது வாசகர்கள் அறிந்ததே. திருவாமூரில் பிறந்து வேறு சமயத்தில் தருமசேனர் என்று பெரும் பதவியில் இருந்தவர் அப்பர். அவரைச் சூலை நோய் பற்றியது. சூழ்ந்திருந்தவர்களின் மந்திரமும் பீலியும் அதைத் தீர்க்கவில்லை. அவர் தம் கௌரவத்தைப் பார்க்கவில்லை. பிரிந்திருந்த தமக்கை திலகவதியாருக்குச் சொல்லியனுப்பினார். பிறகு இரவோடு இரவாகத் தாமே நடந்து திருவதிகைக்கு வந்து அவர் முன் நின்றார். தமக்கையாரும், “ஏன் மறைத்தாய், ஏன் பிரிந்தாய்” என்று கணக்குக் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டார். இக்கதையின் சமயப் பொருள் அன்பர்களுக்கு உரியது. எல்லோருக்கும் உரிய பொருள் ஒன்றும் இதில் உண்டு. நோயைத் தன்னவரிடம் வாய்விட்டுச் சொன்னவன் பிழைத்தான். சொல்லக் கேட்டவர் இகழவில்லை.

நமது வாலிபர்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் வீரியம் ஓர் ஊசியின் அளவினதன்று. சந்தேகம் உண்டானால், லாட்ஜின் மாடிப்படியில் ஏறாதீர்கள். ஆஸ்பத்திரியின் வாசற்படியில் ஏறுங்கள். தகப்பன்மாருக்கும் தமையன்மாருக்கும் கூறுவதும் ஒன்றுண்டு. பிள்ளை வந்து தயங்கி நிற்கும்போது நகைக்காதீர்கள். நீங்கள் நகைத்தால், அவன் அடுத்து நிற்கும் இடம் அந்த விளம்பரத்தின் அடியில்தான்.